ஊர் எல்லையை ஊரே வரையட்டும்: சமூக வன வள உரிமைக்கு மானுடவியலாளர் துணை நிற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வனத்துறை வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஒரு எண் மட்டும்தான் இருந்தது. அஜ்ஜி, அந்த ஊர்ப் பாட்டி, அங்கே போய் நின்றார். முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் கற்கள், ஒன்றிரண்டில் அழியாத மஞ்சள் தடம், பக்கத்தில் ஒரு நெல்லி மரம். "இங்கதான் எங்க மாமனாரை வெச்சோம். அவருக்கு முன்னாடி அவங்க அப்பன். அந்த ஓடை தெரியுதா? அதுக்கு அப்புறம் நம்ம காடு இல்ல சாமி, மேலூர்க்காரங்க காடு. தேன் சீசன்ல மட்டும் நாங்க போவோம், அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த மேட்டில் ஏறியிருந்தார்.

அந்த ஐந்து வாக்கியத்தில் ஒரு குலத்தின் வம்சாவளி, ஒரு புதைகாடு, ஓர் ஊர் எல்லை, பக்கத்து ஊரோடு இருக்கும் உடன்பாடு எல்லாமே இருக்கின்றன. காட்டை நம்பி வாழ்பவர்களின் உரிமையை அங்கீகரிக்கும் வன உரிமைச் சட்டம் கேட்கும் சான்றுகளும் இவைதான். ஆனால் அஜ்ஜி சொன்னதை அலுவலகத்தில் யாரும் தள்ளிவிட முடியாத காகிதமாக மாற்ற வேண்டும். மாற்றும்போது அது ஊரின் கையை விட்டுப் போய்விடவும் கூடாது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

மலையூர்களில் ஆய்வு செய்யும் மானுடவியல் மாணவர்கள், பழங்குடிச் சங்கங்களோடு வேலை செய்பவர்கள், ஊருக்குள்ளேயே படித்துவிட்டு வன உரிமைக் குழுவில் இருக்கும் இளைஞர்கள் ஆகியோருக்கு இது பயன்படும். சத்தியமங்கலம், பர்கூர் மலைப் பக்கத்துச் சோளகர், ஊராளி ஊர்களில் நான் கற்றதும், எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோளிகர்கள் (சோளகர்களை அங்கே அப்படிச் சொல்வார்கள்) செய்து காட்டியதும்தான் இதற்கு அடிப்படை. 2011இல் அங்கே 25 கிராம சபைகள் சமூக வன உரிமைப் பட்டா வாங்கின. புலிகள் காப்பகத்துக்குள் இந்த உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

படி 1: சட்டத்தை மூலத்தில் படியுங்கள்

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2008 ஜனவரியில் வந்த விதிகள், 2012 செப்டம்பரில் வந்த திருத்தம். மூன்றையும் அச்செடுத்து ஒன்றாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் இருந்தால் போதாது. கூட்டத்தில் "அப்படி விதி இல்லையே" என்று யாராவது சொன்னால், பக்கத்தைத் திருப்பி மேசை மேல் வைக்க முடியவேண்டும்.

பெரும்பாலான ஊர்களில் தனிப்பட்டாவுக்கு மட்டும்தான் மனு கொடுத்திருப்பார்கள். அதற்கான படிவம் ஏ. ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும், விற்க முடியாது. இது வீட்டையும் கொல்லையையும் காப்பாற்றும். தேன் எடுக்கும் பாறை, மாடு மேயும் சரிவு, சாமி இருக்கும் சோலை எல்லாம் வெளியே நின்றுவிடும்.

அவற்றுக்கு இரண்டு வழி உண்டு. சிறு வன மகசூல் எடுப்பது, மேய்ச்சல், மீன்பிடி, தண்ணீர் போன்ற பயன்பாட்டு உரிமைகளுக்குப் படிவம் பி. ஊரின் மரபு எல்லைக்குள் இருக்கும் காடு முழுவதையும் பாதுகாக்க, நிர்வகிக்க, மீட்டெடுக்க உரிமை கேட்பதற்குப் படிவம் சி. சட்டத்தின் 3(1)(ஐ) பிரிவு தரும் இந்தச் சமூக வன வள உரிமைக்குப் பரப்பளவு உச்சவரம்பு கிடையாது. காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எதற்குள் இருந்தாலும் கேட்கலாம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற சின்ன கோண்டு ஊர் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு இதை வாங்கி, 2011இல் தன் மூங்கிலைத் தானே விற்கத் தொடங்கியது. என் அனுபவத்தில் ஊரின் ஆளுமையையே மாற்றும் உரிமை இதுதான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்கப் படிவம் சியைச் சுற்றியே போகும்.

தமிழ்நாட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி எதுவும் நம் மாநிலத்தில் இல்லை. ஆகவே பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டம் இங்கே செல்லாது. அதோடு நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பல ஆண்டுகள் பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்து, 2016இல்தான் அந்தத் தடை விலகியது. மற்ற மாநிலங்கள் ஓடிய காலத்தில் நாம் நின்றிருந்தோம். சட்டம் பழசாகிவிட்டது, இனி எதற்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனு கொடுக்கக் கடைசித் தேதி என்று சட்டத்தில் எதுவும் இல்லை.

படி 2: ஊர் கூப்பிட்ட பிறகு போங்கள், எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்

நூறு வருடத்துக்கு முன்பு சென்னை அருங்காட்சியகத்திலிருந்து கிளம்பியவர்கள் இந்த மலைகளுக்கு வந்து மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டு போனார்கள். பிறகு வந்தவர்கள் கதையை, மருந்தை, பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். "போன வாட்டி வந்த பொண்ணும் இப்படித்தான் கேட்டுச்சு, அப்புறம் வரவே இல்ல" என்ற பேச்சை நீங்கள் கேட்காத மலையூர் இருக்காது. அந்தக் கடன் நம் தலையில்தான் இருக்கிறது.

அதனால் முதல் கூட்டத்திலேயே ஊருக்கு நாம் ஓர் உடன்படிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமாகப் பல்கலைக்கழகம் தரும் ஒப்புதல் படிவத்தில் மக்கள் நமக்குக் கைநாட்டு வைப்பார்கள். இங்கே நாம் மக்களுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். தமிழில் ஒரே பக்கம். அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, கிராம சபைப் பதிவேட்டில் ஒட்டிவிடுங்கள். நான் எழுதிக் கொடுப்பது இதுதான்: ஒலிப்பதிவு, படம், வரைபடம் எல்லாம் ஊருக்குச் சொந்தம், என்னிடம் இருப்பது பிரதி. வெளியிட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கிராம சபையைக் கேட்பேன். மருந்துச் செடி, தேன்பாறை, புதைகாடு, சாமி இடம் ஆகியவற்றின் துல்லியமான இருப்பிடத்தை எந்தக் கட்டுரையிலும் போட மாட்டேன். ஊர் எப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவேன். என் பட்டத்துக்கான ஆய்வேடு முடிந்தாலும் மனு முடிகிறவரை வருவேன்.

கடைசி வரியை எழுத முடியாதவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பதே நல்லது. படிவம் சி ஒன்று முடிய வருடங்கள் ஆகும். நடுவில் விட்டுப் போனால் ஊர் அடுத்த ஆளை நம்பாது.

படி 3: எந்தக் கிராம சபை என்று முதலில் தீர்மானியுங்கள்

நிறைய மனுக்கள் இந்த இடத்திலேயே சறுக்கிவிடுகின்றன. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் கூடும் ஊராட்சி கிராம சபையில் பத்துப் பதினைந்து குக்கிராமங்கள் சேர்ந்திருக்கும். அடிவாரத்து ஊர்களின் ஆட்கள்தான் அதிகம் இருப்பார்கள். மலை மேலிருந்து நாற்பது பேர் இறங்கி வந்து அங்கே தீர்மானம் போடுவது நடக்கிற காரியமில்லை.

வன உரிமைச் சட்டம் ஊர் என்பதற்குத் தனி விளக்கம் வைத்திருக்கிறது. வனக் கிராமங்கள், பழைய குடியிருப்புகள், அளக்கப்படாத ஊர்கள் எல்லாம் அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர்தான். 2012 ஜூலையில் பழங்குடியினர் நல அமைச்சகம் குக்கிராம அளவிலேயே சபை கூட்டலாம் என்று வழிகாட்டுதலும் கொடுத்திருக்கிறது. ஆகவே தொட்டி, போடு, பதி, ஊர் என்று மக்கள் எந்த அளவை "எங்க ஊர்" என்று சொல்கிறார்களோ அந்த அளவில் சபையைக் கூட்டுங்கள். மானுடவியலாளர் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இது. ஊர்ப் பெரியவர், பூசாரி, குலத் தலைவர் என்று ஏற்கெனவே ஓர் ஆட்சி முறை அங்கே இருக்கும். யார் கூப்பிட்டால் ஊர் கூடும், எந்த நாளில் கூடாது, எந்தக் குலம் எந்தக் குலத்துக்கு முன்னால் பேசாது என்று தெரிந்துகொண்டு கூட்டத்தை அமையுங்கள்.

மனுக்களை வாங்கிச் சரிபார்க்கச் சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். சபைக்கு ஊரில் வயது வந்தோரில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உரிமை மனு பற்றிய தீர்மானம் என்றால் மனுதாரர்களில் பாதிப் பேராவது இருந்தாக வேண்டும். கையெழுத்துத் தாளில் வயது வந்தோர் மொத்தம் எத்தனை, வந்தது எத்தனை, பெண்கள் எத்தனை என்று மேலேயே எழுதிவிடுங்கள். கோரம் (போதிய ஆள் எண்ணிக்கை) இல்லை என்ற ஒரு வரியால் இரண்டு வருட வேலை வீணாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: தரையில் தொடங்குங்கள்

ஜிபிஎஸ் கருவியைப் பையிலேயே வைத்திருங்கள். முதல் வரைபடம் மண்ணில், கோலப்பொடியாலும் கல்லாலும் இலையாலும் ஊரே போடட்டும். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள். மலை மக்கள் பெரும்பாலும் ஓடை போகும் திசையை வைத்தும், மேடு பள்ளத்தை வைத்தும்தான் இடம் சொல்வார்கள். நான் முதல் முறை வடக்கு திசை பார்த்துத் தாளை விரித்தேன். அரை மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு பையன் வந்து தாளைத் திருப்பி ஓடையின் தலைப்பை மேலே வைத்தான். உடனே பத்துக் கை நீண்டது.

பெண்களோடு தனியாக உட்காருங்கள். ஆண்கள் தேன்பாறை, பட்டி, வேட்டைப் பழங்கதை என்று தூரத்து இடங்களைச் சொல்வார்கள். கிழங்கு, கீரை, விறகு, சீமார் புல், ஊற்று, பிரசவத்துக்கான மருந்து இதெல்லாம் பெண்கள் வாயிலிருந்துதான் வரும். படிவத்துக்கு இரண்டுமே தேவை. மாடு மேய்ப்பவர்களிடம் மழைக்காலப் பட்டி எங்கே, கோடைப் பட்டி எங்கே என்று தனித்தனியாகக் கேளுங்கள். காட்டுக்குள் பட்டி போட்டு மாடு வளர்ப்பது பர்கூர் மலையில் பல தலைமுறைப் பழக்கம். அங்கே பழங்குடி அல்லாத, மூன்று தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்பவர்களும் இருக்கிறார்கள். 75 வருடச் சான்று காட்டினால் அவர்களுக்கும் இதே சட்டத்தில் இடம் உண்டு. அவர்களை விட்டுவிட்டுப் பழங்குடி மனு மட்டும் போட்டால் நாளைக்கு இரண்டு தரப்புக்கும் சண்டைதான்.

1970களில் கனடாவின் வடகோடியில் இனுயிட் மக்கள் செய்த ஒரு முறை இங்கேயும் நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொரு வேட்டையாடியும் தன் வாழ்நாளில் எங்கெங்கே போனான், எதை எடுத்தான் என்று தனக்கென ஒரு தாளில் குறித்தான். பிறகு அத்தனை தாளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார்கள். பலருடைய வாழ்க்கை ஒன்றன் மேல் ஒன்று விழுந்த இடமே அந்த மக்களின் நிலம் என்று துலங்கியது. 1999இல் நுனாவுட் என்ற தனிப் பிரதேசம் உருவானதற்கு அடியில் அந்த வரைபடங்களும் இருக்கின்றன. நம் ஊர்களில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பத்துப் பேரோடு இதைச் செய்தாலே போதும், மரபு எல்லை தானாகக் கண்ணுக்குத் தெரியும்.

பிலிகிரி ரங்கன் மலையில் சோளிகர்கள் தங்கள் காட்டை எல்லெ எல்லெயாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எல்லெயும் ஒரு குலத்துக்கு உரியது. அதற்குள் தேவரு, மாரம்மா, வீரு, கல்லுகுடி, அப்பி என்று ஐந்து வகைப் புனித இடங்கள் உண்டு. கல்லுகுடி என்பது இறந்தவர்களுக்கான கல், அப்பி என்பது நீரூற்றுத் தெய்வம். ஆராய்ச்சியாளர்களும் சோளிகர் சங்கமும் சேர்ந்து காடு முழுக்க நடந்து நூற்றுக்கணக்கான இடங்களை வரைபடத்தில் ஏற்றினார்கள். 1974இல் சரணாலயம் வந்தபோது வெளியேற்றப்பட்ட ஊர்களின் பழைய இடங்களும் அதில் வந்தன. வெறும் காடு என்று அரசு வரைபடம் காட்டிய இடத்தில் பெயர் இல்லாத மேடே இல்லை என்று அந்த வரைபடம் காட்டியது.

படி 5: எல்லையை நடந்து குறியுங்கள்

இந்தப் படிக்கு அவசரம் உதவாது. என் கணக்கில் நடுத்தர அளவுள்ள ஓர் ஊருக்கு எட்டுப் பத்து நடை ஆகும். இலை உதிர்ந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். பாதை தெரியும், கருவிக்கு வானமும் கிடைக்கும்.

நடைக்கு மூன்று நாள் முன்பே பக்கத்து ஊர்களுக்கு ஆள் அனுப்பி, எல்லை வரும் இடத்தில் அவர்கள் பெரியவர்களும் வந்து நிற்க ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு ஊரின் உரிமைக் கோரிக்கை ஒரே இடத்தில் மோதினால் இரு வன உரிமைக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவை எழுத வேண்டும் என்று விதி 12 சொல்கிறது. பெரும்பாலும் அது சண்டையாகவே ஆகாது. அஜ்ஜி சொன்ன மாதிரி "அவங்க காடு, தேன் சீசன்ல நாங்க போவோம்" என்பதுதான் இந்த மலைகளின் வழக்கம். அதை அப்படியே எழுதுங்கள். கோட்டைப் போட்டு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பிரித்தால், தலைமுறை தலைமுறையாகப் பகிர்ந்துகொண்டதை நாமே உடைத்தவர்கள் ஆவோம். பொதுப் பயன்பாட்டுப் பகுதியை வேறு வண்ணத்தில் காட்டி, இரு ஊர்த் தீர்மானத்திலும் ஒரே வாசகத்தை எழுதினால் போதும்.

கருவியைப் பிடிப்பது ஊர் இளைஞராக இருக்கட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, துல்லியம் ஐந்து மீட்டருக்குள் வந்த பிறகு புள்ளி எடுக்கட்டும். அதே எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, எதிரே நான்கு விஷயம்: இடத்தின் பெயர், சொன்னவர் பெயர், அங்கே என்ன செய்வார்கள், எந்த மாதத்தில். கல், மரம், பழைய திண்ணை, ராகி அரைத்த குழிக்கல் எதுவானாலும் அளவுகோலோடு படம் எடுங்கள். கைவிடப்பட்ட ஊர் இடங்களில் புளிய மரம், மா மரம், உடைந்த பானையோடு தென்படும். அவையும் சான்றுதான்.

நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதிருக்க. பழைய நில அளவைத் தாள்கள் எவரெஸ்ட் என்ற அளவீட்டு அடிப்படையில் வரைந்தவை. ஜிபிஎஸ் கருவி வேலை செய்வது டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படையில். இரண்டையும் மாற்றாமல் ஒன்றன் மேல் ஒன்று வைத்தேன். புள்ளிகள் நூறு மீட்டருக்கும் மேல் விலகி, ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த புதைகாடு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அதிகாரிகளோடு நடந்த கூட்டுச் சரிபார்ப்பில் அவர்கள் அதைக் காட்டி மொத்த வரைபடமுமே தப்பு என்றார்கள். மறுபடி வரைந்து கொடுக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் ஊர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது.

வரைபடம் இரண்டாக இருக்க வேண்டும். ஊரிடம் இருப்பதில் எல்லாம் இருக்கும். அரசுக்குப் போவதில் தேன்பாறையும் அரிய மருந்தும் புள்ளியாக இல்லாமல் பரப்பாக மட்டும் இருக்கும். எதை எதில் காட்டுவது என்பதைச் சபைதான் முடிவு செய்ய வேண்டும், நாம் இல்லை.

படி 6: பழைய காகிதம் தேடுங்கள், பெரியவர்கள் வாக்கை எழுதுங்கள்

விதி 13 சான்றுகளைப் பட்டியலிடுகிறது: கெசட்டியர், கணக்கெடுப்பு, நில அளவை, வனத்துறையின் செயல்திட்டம், குடியிருப்பின் தடயங்கள், கிணறு, புதைகாடு, புனித இடம், வம்சாவளி, மனுதாரர் அல்லாத பெரியவர்களின் எழுதப்பட்ட வாக்குமூலம். இவற்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் போதும். இந்தக் காகிதம்தான் வேண்டும் என்று எந்த அதிகாரியும் வற்புறுத்த முடியாது. செயற்கைக்கோள் படம் துணைச் சான்று மட்டுமே, அதை வைத்து மட்டும் மனுவைத் தள்ளக்கூடாது.

அரசின் காகிதத்திலேயே ஊரின் பெயர் கிடைத்தால் பலம் கூடும். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்படி ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிக்கும்போது முதலில் 4ஆம் பிரிவு அறிவிப்பு, விசாரணை, பிறகு 16ஆம் பிரிவு அறிவிப்பு வர வேண்டும். அந்த விசாரணைக் கோப்புகளில் யார் எந்தப் பாதையைக் கேட்டார்கள், எந்தத் தண்ணீரைக் கேட்டார்கள் என்று இருக்கும். மக்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் பாட்டனின் மனு அதில் தூங்கிக்கொண்டிருக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகம், மாவட்ட ஆட்சியரக ஆவண அறை, வனக்கோட்ட அலுவலகம் மூன்றையும் பாருங்கள். கர்நாடகப் பக்கத்துக்காரர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பகுதிச் சோளிகர் ஊர்களின் பழைய காகிதம் மைசூரில் இல்லாவிட்டால் இங்கே தேட வேண்டும்.

வாக்குமூலத்தைப் பேசியபடியே எழுதுங்கள். "மனுதாரர் சமூகம் தொன்றுதொட்டு அனுபவித்து வரும்" என்று வக்கீல் தமிழில் பத்துப் பேருக்கும் ஒரே வாசகம் இருந்தால் படிக்கிறவருக்கு உடனே சந்தேகம் வரும். "எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் அந்தப் பட்டியில புலி ரெண்டு மாட்டை அடிச்சுது, அன்னைக்கு நாங்க பத்து வீடு இருந்தோம்" என்பதை எந்த அதிகாரியாலும் சாதாரணமாக ஒதுக்க முடியாது.

நம் பங்கு பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கனடாவில் கிட்சன், வெட்சுவெட்டன் மக்கள் தங்கள் நிலத்துக்குத் தொடுத்த வழக்கில் 1991இல் வந்த தீர்ப்பு அவர்களின் வாய்மொழி வரலாற்றை ஒதுக்கியது. சாட்சி சொன்ன மானுடவியலாளர்களையும் மக்களோடு மிகவும் ஒட்டியவர்கள் என்று சொல்லித் தள்ளியது. 1997இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணத்துக்கு இணையாக எடைபோட வேண்டும் என்றது. ஒட்டியிருப்பது குற்றமில்லை என்பதே என் நம்பிக்கை. ஆனால் ஒட்டியிருக்கிறோம் என்பதாலேயே நம் குறிப்பேடு இரண்டு மடங்கு சுத்தமாக இருக்க வேண்டும். ஊருக்குச் சாதகமில்லாத தகவலையும் எழுதுங்கள். ஒரு பெரியவர் எல்லை ஓடை என்றும் இன்னொருவர் மேடு என்றும் சொன்னால் இரண்டையும் பதியுங்கள், சபையில் வையுங்கள், அவர்கள் பேசித் தீர்த்ததையும் பதியுங்கள்.

படி 7: கூட்டுச் சரிபார்ப்பும் தீர்மானமும்

மனு, வரைபடம், சான்று எல்லாம் வன உரிமைக் குழுவிடம் சேர்ந்ததும், சரிபார்ப்புத் தேதியை வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். ரேஞ்சரும் விஏஓவும் வந்தால் கூடவே நடக்கட்டும், அவர்கள் ஆட்சேபணை சொன்னால் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வரவில்லை என்றால் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு குழு தன் வேலையைத் தொடரட்டும்.

நல்ல வனக்காவலர்கள் நிறையப் பேர் உண்டு. காட்டுக்குள் பத்து வருடம் சுற்றிய ஒருவருக்கு இந்த மக்கள் யார் என்று நன்றாகவே தெரியும். அவர்களை எதிரியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பிறகு கிராம சபை கூடும். வரைபடத்தைப் பெரிதாக விரித்து, ஒவ்வொரு எல்லைப் புள்ளியையும் அதைச் சொன்னவரே எழுந்து சொல்லட்டும். நாம் ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும். தீர்மானம் ஊர் ஆள் கையெழுத்தில் இருக்கட்டும். மொத்தக் கோப்பும் அடுத்த கட்டமான உட்கோட்டக் குழுவுக்குப் (அதற்கு மேல் மாவட்டக் குழு) போகும்போது மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று அரசுக்கு, ஒன்று ஊர்ப் பெட்டிக்கு, ஒன்று வேறோர் ஊரில் நம்பகமான வீட்டுக்கு. நனைந்தும் கரையான் அரித்தும் போன கோப்புகள் ஏராளம்.

படி 8: தாமதம் ஆனால், தள்ளிவிட்டால்

உட்கோட்டக் குழுவோ மாவட்டக் குழுவோ கிராம சபை தீர்மானத்தைத் தானாக மாற்றவோ தள்ளவோ கூடாது, காரணம் சொல்லிச் சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நிராகரித்தால் விரிவான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு. வாய்மொழியாக "ரிஜக்ட் ஆயிடுச்சு" என்றால் காரணக் கடிதம் கேட்டுப் பதிவுத் தபால் போடுங்கள், அதுவரை நாள் எண்ணிக்கை தொடங்காது என்றே வாதிடலாம்.

2012 திருத்தத்தில் வந்த விதி 12பியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. காட்டை நம்பி மக்கள் வாழும் எல்லா ஊரிலும் சமூக வன வள உரிமை அங்கீகரிக்கப்படுவதை மாவட்டக் குழு உறுதிசெய்ய வேண்டும், ஓர் ஊருக்குக் கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று காரணம் பதிய வேண்டும் என்கிறது அது. உங்கள் ஊருக்கு அந்தக் காரணம் பதியப்பட்டிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தூசி தட்டிக் கோப்பு நகர்வதைக் காண்பீர்கள்.

மனு நிலுவையில் இருக்கும்போது யாரையும் வெளியேற்றக்கூடாது என்பது பிரிவு 4(5). 2019 பிப்ரவரியில் மனு தள்ளப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்ன உச்ச நீதிமன்றமே இரண்டு வாரத்தில் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது, எப்படித் தள்ளினீர்கள் என்று மாநிலங்களைக் கேட்டது. 2013இல் ஒடிசாவின் நியம்கிரியில் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளிடம் விட்டதும் இதே நீதிமன்றம்தான். பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன, மலை நின்றது.

படி 9: பட்டா வந்த பிறகு

பட்டாவைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு எல்லோரும் போய்விடும் ஊர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் பழையபடி செக்போஸ்ட்டில் கடுக்காய் மூட்டையை இறக்கச் சொல்வார்கள். விதி 4(1)(இ)யின்படி கிராம சபை ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, காட்டுக்கான திட்டத்தை எழுத வேண்டும். இந்தத் திட்டத்துக்கும் மானுடவியலாளர் தேவைப்படுவார்.

பிலிகிரி ரங்கன் மலைச் சோளிகர்கள் சொல்வதைக் கேளுங்கள். முன்பு கோடையின் தொடக்கத்தில் தரகு பெங்கி என்ற சிறு தீயைச் சருகில் வைப்பார்கள். அது தடை செய்யப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி காடு முழுக்கப் படர்ந்தது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியது என்கிறார்கள் அவர்கள். காட்டை ஆராய்ந்தவர்களும் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். உங்கள் ஊர்த் திட்டத்தில் இப்படிப்பட்ட அறிவு மக்கள் மொழியிலேயே இடம்பெற வேண்டும்: எந்த மாதம் எந்தக் காட்டை விட்டுவைப்பது, நெல்லிக் கிளையை வெட்டாமல் எப்படி உலுக்குவது, பெருந்தேன் எடுக்கும்போது அடையில் எவ்வளவு விட வேண்டும், மீறினால் ஊர் என்ன தண்டம் போடும். வனத்துறைச் செயல்திட்டத்தின் வடிவத்தை அப்படியே நிரப்பிக் கொடுத்தால் அது ஊர்த் திட்டம் ஆகாது.

நடையில் கருவி பிடித்த இளைஞர்களுக்கு இப்போது வேலை இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எல்லை நடந்து, எந்த ஊற்று வற்றியது, எங்கே உண்ணிச்செடி வந்தது, யானை எந்தப் பாதையை மாற்றியது என்று அதே குறிப்பேட்டின் அடுத்த பக்கங்களில் எழுதலாம். நாம் ஊரை விட்டு வரும்போது ஒப்படைக்க வேண்டியவை: மூலக் குறிப்பேடுகள், எல்லா ஒலிப்பதிவும் இரண்டு நினைவகங்களில், துணியில் அச்சடித்த பெரிய வரைபடம், படிவம் சியின் முத்திரையிட்ட நகல், முதல் நாள் நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உடன்படிக்கை.

அந்தத் துணி வரைபடத்தை நான் விரித்த நாளில் அஜ்ஜி வந்து ஓடையைத் தேடிக் கண்டுபிடித்தார். அதன் ஓரமாக விரலை நகர்த்தி, கற்கள் இருக்கும் இடத்தில் நிறுத்தி, தன் மாமனார் பெயர் எழுதியிருக்கிறதா என்று பேத்தியைக் கேட்டார். எழுதியிருந்தது. பேத்தி வாசித்துக் காட்டினாள்.